பெயருக்கு எண் தேடிய கதை

சொந்த ஊரை விட்டு வேற்றூரில் குடியேறியவர்களுக்கு முகவரியின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. புதிய நகரில் இறங்கிய முதல் நாளன்று, கையில் ஒரு துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு, தெரிந்தவர் வீட்டைத் தேடி அலைந்த அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு. கடைக்காரர் ஒருவர் வடக்கே கை காட்டுவார். அடுத்த தெருவில் நிற்பவரோ, "அவர்கள் வீடு மாறிப் போய் ஆறு மாதம் ஆயிற்றே!" என்பார். முதலில் வழி சொன்னவர் பொய்யர் அல்லர். அவர் அறிந்த செய்தி பழையதாகிவிட்டது, அவ்வளவே. பொய்க்கும் பழமைக்கும் உள்ள இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால், இன்று நம் வீடுகளில் அடிக்கடி நேரும் ஒரு தொல்லையின் வரலாற்றை எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

தொல்லை இதுதான்: ஓர் இணையத் தளம் ஒரு நிறுவனத்தின் இணைப்பில் திறக்கிறது, வேறொரு நிறுவனத்தின் இணைப்பில் திறப்பதில்லை. காலையில் திறந்தது மாலையில் மறுக்கிறது. ஊரிலுள்ள தம்பிக்குத் தெரிவது இங்குள்ள அண்ணனுக்குத் தெரிவதில்லை.

தலைநகரில் நாம் வசிக்கும் குடியிருப்பில் அண்மையில் இவ்வாறு ஒன்று நடந்தது. அண்டை வீட்டுத் தமிழ்ப் பெண் ஒருத்தி போட்டித் தேர்வு ஒன்றுக்கு விண்ணப்பிக்க அமர்ந்தாள். அன்று கடைசி நாள். நள்ளிரவோடு கெடு முடிகிறது. வீட்டுக் கம்பி இணைப்பில் மற்றத் தளங்கள் எல்லாம் திறந்தன. தேர்வுத் தளம் மட்டும் திறக்கவில்லை. மாலை ஆறு மணி தொடங்கி மூன்று மணி நேரம் முயன்று சோர்ந்தவள், "தளமே படுத்துவிட்டது, எல்லோருக்கும் இதே கதிதான், கெடுவை நீட்டிப்பார்கள்" என்று முடிவு கட்டினாள். அந்நேரம் மதுரையில் இருந்து அவள் தோழி தொலைபேசியில் அழைத்தாள். அங்கே ஐந்து நிமிடத்தில் விண்ணப்பம் முடிந்துவிட்டதாம். பெண்ணின் தந்தை நம் கதவைத் தட்டி, "சார், எங்கள் வீட்டுக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டார். அக்கேள்விக்கு அன்றிரவு கிடைத்த விடையைப் பின்னர் கூறுவோம். அதற்குமுன் ஐம்பது ஆண்டு வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்க்க வேண்டும்.

கணிப்பொறிகள் ஒன்றையொன்று எண்களால்தான் அறியும். 0 முதல் 255 வரையுள்ள எண்களில் நான்கைப் புள்ளியிட்டுக் கோத்து எழுதுவது அவற்றின் முகவரி. இம்முறையில் ஏறத்தாழ 429 கோடி முகவரிகள் அமையும். மனிதருக்கோ எண்கள் மனத்தில் நிற்பதில்லை; பெயர்களே நிற்கும். எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றும் மரபு நம்முடையது. இணையத்திலோ ஒரு கண் மனிதருக்கும் மறு கண் பொறிக்குமாகப் பிரிந்து நிற்கிறது. பெயரை எண்ணாகப் பெயர்த்துத் தரும் பணி இடையில் ஒருவருக்கு வேண்டியிருக்கிறது. மொழிபெயர்ப்பாளனைப் போலவே, அவன் சரியாகச் செய்யும்வரை அப்படி ஒருவன் இருப்பதே பிறர் நினைவுக்கு வருவதில்லை.

இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் 1969-ஆம் ஆண்டின் இறுதியில் நான்கே நிலையங்களுடன் அமெரிக்காவில் தொடங்கிற்று. நான்கு பேர் வாழும் தெருவில் முகவரிப் புத்தகம் எதற்கு? ஆயினும் நிலையங்கள் பெருகவே, ஒவ்வோரிடத்திலும் உள்ளவர்கள் பிற பொறிகளுக்குத் தத்தமக்குத் தோன்றிய பெயர்களை இட்டு வழங்கலாயினர். ஒரே பொறிக்கு ஓரிடத்தில் ஒரு பெயர், வேறிடத்தில் வேறு பெயர். இக்குழப்பத்தை நீக்கப் பொதுப் பெயர்ப் பட்டியல் ஒன்று வேண்டும் என்று பெக்கி கார்ப் என்னும் அம்மையார் 1971-ஆம் ஆண்டில் எழுதினார். இடத்துக்கு இடம் வேறுபடும் விடை என்னும் நோய், மருந்துக்கும் முந்தியது என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம்.

அப்பட்டியலைப் பேணும் பொறுப்பு கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தின் தகவல் மையத்தை அடைந்தது. எலிசபெத் ஃபைன்லர் என்னும் அம்மையார் அதன் தலைவியாக விளங்கினார். புதிய பொறி ஒன்றை வலையில் சேர்ப்பவர் அம்மையத்துக்குச் செய்தி அனுப்புவார். மையத்தார் பட்டியலில் ஒரு வரி சேர்ப்பர். மற்ற நிலையத்தார் அவ்வப்போது பட்டியலின் படியைத் தருவித்துத் தம் பொறியில் வைத்துக்கொள்வர். ஊருக்கெல்லாம் ஒரே பேரேடு. அதை எழுத ஒரே அலுவலகம்.

சிறிய ஊருக்கு இது தக்க ஏற்பாடுதான். ஆனால் 1981 ஆகஸ்டில் 213 ஆக இருந்த பொறிகள் 1983 ஆகஸ்டில் 562 ஆயின. 1984 அக்டோபரில் 1,024-ஐத் தொட்டன. பொறிகள் பெருகப் பெருகப் பட்டியலும் நீண்டது, அதைத் தருவிப்போரும் பெருகினர், மாற்றங்களும் மிகுந்தன. ஒரு நிலையத்தார் படி எடுத்து முடிப்பதற்குள் மூலம் மாறியிருக்கும். ஒருவர் கையில் நேற்றைய படி. மற்றவர் கையில் சென்ற வாரத்துப் படி. இருவரும் ஒரே பெயரைக் கூறி வெவ்வேறு வாசலில் போய் நின்றனர்.

இதற்கு மாற்று வழி காணும் பணியைத் தென் கலிபோர்னியப் பல்கலைக் கழகத்தின் தகவல் அறிவியல் நிலையத்தில் இருந்த ஜான் போஸ்டல், தம் சக ஊழியர் பால் மாக்கபெட்ரிஸிடம் ஒப்படைத்தார். 1983 நவம்பரில் மாக்கபெட்ரிஸ் இரண்டு ஆவணங்களை வெளியிட்டார். டி.என்.எஸ். என்று மூன்றெழுத்தில் வழங்கும் பெயர் முறை அவற்றில்தான் பிறந்தது. அவற்றைத் திருத்தி 1987 நவம்பரில் அவர் எழுதிய இரு ஆவணங்களே இன்றளவும் அம்முறைக்கு அடிப்படை. இதற்கிடையில், 1984-ஆம் ஆண்டில், பெர்க்கிலிப் பல்கலைக் கழகத்து மாணவர் நால்வர் இம்முறையை நடைமுறைப்படுத்த 'பைண்ட்' என்னும் மென்பொருளை எழுதினர். அதன் வழிவந்த பதிப்புகள் இன்றும் பல இடங்களில் பணி புரிகின்றன.

மாக்கபெட்ரிஸ் செய்த மாற்றம் என்ன? நம் நாட்டுப் பழைய நில ஆவண முறையை எண்ணிப் பார்த்தால் அது விளங்கும். மாவட்டத்தின் வயல்களையெல்லாம் கலெக்டர் தம் அலுவலகத்தில் ஒரே பேரேட்டில் எழுதி வைக்கவில்லை. இன்ன வட்டத்துக்கு இன்ன தாசில்தார் என்பது கலெக்டருக்குத் தெரியும். இன்ன கிராமத்துக்கு இன்ன கணக்கர் என்பது தாசில்தாருக்குத் தெரியும். இன்ன வயல் யாருடையது என்பதைக் கணக்கரே அறிவார். டி.என்.எஸ். முறையும் அத்தகையதே. உச்சியில் வேர்ச் சர்வர்கள். ஏ முதல் எம் வரை பதின்மூன்று எழுத்துப் பெயர்கள் அவற்றுக்கு உண்டு. அவற்றின் நிகர்ப் பொறிகள் உலகெங்கும் ஆயிரத்துக்கு மேல் பரந்துள்ளன. மும்பை, தில்லி, சென்னை ஆகிய நம் நகரங்களிலும் உள்ளன. வேருக்கு அடுத்தபடி 'காம்', 'இன்' முதலிய பிரிவுகளின் சர்வர்கள். அவற்றுக்குக் கீழே ஒவ்வொரு தளத்துக்கும் உரிய மூலப் பதிவேடு. 'இன்' என்னும் நம் நாட்டுப் பிரிவு 1989-ஆம் ஆண்டில் பதிவாயிற்று. பொதுமக்களுக்கான இணைய இணைப்போ 1995 ஆகஸ்டு 15 அன்றுதான் இங்குத் தொடங்கிற்று.

இப்படிகளில் நாமே ஏறி இறங்குவதில்லை. நமக்கு இணைப்புத் தரும் நிறுவனம், ரிசால்வர் எனப்படும் ஒரு விசாரணைப் பொறியை வைத்திருக்கிறது. நாம் அதனிடம் பெயரைச் சொல்கிறோம். அது வேரிடம் கேட்டு, பிரிவிடம் கேட்டு, மூலப் பதிவேட்டை அடைந்து, எண்ணைக் கொணர்ந்து தருகிறது. அடுத்து வருபவருக்கும் உதவட்டும் என்று அதைக் குறித்தும் வைத்துக்கொள்கிறது. அக்குறிப்பை எத்தனை விநாடி வைத்திருக்கலாம் என்பதை மூலப் பதிவேட்டுக்காரரே விடையோடு சேர்த்து எழுதிவிடுகிறார். 300 என்றால் ஐந்து நிமிடம். 86,400 என்றால் ஒரு முழு நாள். இதனை விடையின் ஆயுட்காலம் எனலாம்.

நம் தொல்லையின் வித்து இங்கேதான் இருக்கிறது. விடை உடனே கிடைப்பது பெரிதா, எல்லோருக்கும் ஒரே கணத்தில் ஒரே விடை கிடைப்பது பெரிதா என்னும் கேள்வி வந்தபோது, முன்னதே பெரிது என்று மாக்கபெட்ரிஸ் தெரிந்தே தேர்ந்தெடுத்தார். பழைய குறிப்பு சிறிது காலம் உலவுவதை அம்முறை பொறுத்துக்கொள்கிறது. அவ்விட்டுக்கொடுப்பால்தான் அது உலகளவுக்கு வளர முடிந்தது. ஆகவே இரண்டு நிறுவனங்களின் ரிசால்வர்கள் ஒரே நேரத்தில் இரு வேறு விடைகள் சொல்வது முறையின் பிழையன்று, அதன் இயல்பு. தளத்தின் எண்ணை மாற்றினால் புதிய எண் "பரவுவதற்கு" இரண்டு நாள் ஆகும் என்று சொல்லக் கேட்கிறோம். உண்மையில் எதுவும் பரவுவதில்லை. பழைய குறிப்புகள் ஒவ்வொன்றாக ஆயுள் முடிந்து உதிர்கின்றன, அவ்வளவே. "அப்படி ஒரு பெயரே இல்லை" என்னும் விடைக்கும் ஆயுள் உண்டு. அதன் விதியை 1998-ஆம் ஆண்டில் வகுத்தனர். பெயரைப் பதிவு செய்யுமுன் அவசரப்பட்டு விசாரித்தவருக்கு, பதிவான பின்னும் சிறிது நேரம் "இல்லை" என்றே விடை வருவது இதனால்தான்.

இயல்பான வேற்றுமை இது. காலப்போக்கில் இயல்பல்லாத வேற்றுமைகளும் வந்து சேர்ந்தன. 2003 செப்டம்பர் 15 அன்று, 'காம்', 'நெட்' ஆகிய இரு பிரிவுகளின் பதிவேட்டைப் பேணிவந்த வெரிசைன் நிறுவனம், இல்லாத பெயரை ஒருவர் தட்டச்சு செய்தால் "இல்லை" என்பதற்குப் பதிலாகத் தன் சொந்தப் பக்கத்தின் எண்ணை விடையாகத் தரத் தொடங்கிற்று. எழுந்த கண்டனத்தால் மூன்றே வாரத்தில் அதை நிறுத்தவும் நேர்ந்தது. ஆனால் அதே உத்தியை இணைப்பு நிறுவனங்கள் சில தத்தம் ரிசால்வர்களில் கையாண்டன. பிழையாகத் தட்டச்சு செய்தவர் விளம்பரப் பக்கத்தில் போய் விழுந்தார். இனி, அரசின் ஆணையாலோ நீதிமன்றத்தின் ஆணையாலோ ஒரு தளத்தைத் தடுக்க நேர்ந்தால், பெயருக்கு எண் தர மறுப்பது ஒரு வழி. ஆணையை ஒரு நிறுவனம் இவ்வழியிலும், வேறொரு நிறுவனம் வேறு வழியிலும் நிறைவேற்றும்போதும் வீட்டுக்கு வீடு விடை மாறும்.

இவற்றினும் கொடியது பொய் விடையைப் புகுத்துவது. 2008-ஆம் ஆண்டில் டான் காமின்ஸ்கி என்னும் ஆய்வாளர், ரிசால்வரின் குறிப்பேட்டில் போலி எண்ணை எளிதில் எழுதிவிட வழி இருப்பதைக் கண்டார். விசாரணைக்கும் விடைக்கும் இடப்படும் அடையாள எண் 65,536-இல் ஒன்றுதான். இல்லாத பெயர்களாக அடுக்கடுக்காகக் கேட்க வைத்து, போலி விடைகளைப் பொழிந்தால், ஒன்றேனும் பொருந்திவிடும். அதை அவர் ஊரறிய முழக்கவில்லை. மென்பொருள் செய்வோரை மறைவாகக் கூட்டிப் பேசி, ஜூலை 8 அன்று பல நிறுவனங்களும் ஒரே நாளில் திருத்தம் வெளியிடும்படி செய்தார். இணையத்தின் வரலாற்றில் பெருமைக்குரிய நாள்களில் அது ஒன்று.

திருத்தம் தற்காலிகக் காப்பே. விடையின் மீது முத்திரை வேண்டும் என்னும் எண்ணம் அதற்கு முன்பிருந்தே வளர்ந்து வந்தது. மூலப் பதிவேட்டுக்காரர் தம் விடையில் கணித முறைப்படி ஒப்பமிடுவார். ரிசால்வர் அவ்வொப்பத்தைச் சரிபார்க்கும். டி.என்.எஸ்.செக் என்னும் இம்முறையில் வேரே ஒப்பமிடப்பட்ட நாள் 2010 ஜூலை 15. இங்கும் புதியதொரு வேற்றுமை தோன்றிற்று: ஒப்பத்தைச் சரிபார்க்கும் நிறுவனங்களும் உண்டு, பாராமலே விடையை நீட்டும் நிறுவனங்களும் உண்டு.

இவ்வேற்றுமை மக்களை எவ்வாறு மயக்கும் என்பதற்கு 2012 ஜனவரி 18 அன்று நடந்ததே சான்று. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, தன் பெயர்ப் பதிவேட்டின் ஒப்பத்தில் ஒரு தவறு செய்துவிட்டது. காம்காஸ்ட் என்னும் பெரிய இணைப்பு நிறுவனம் அப்போதுதான் ஒப்பத்தைச் சரிபார்க்கத் தொடங்கியிருந்தது. ஒப்பம் பொருந்தாததால் அதன் ரிசால்வர்கள் விடை தர மறுத்தன. சரிபார்க்காத நிறுவனங்களின் இணைப்பில் அதே தளம் தடையின்றித் திறந்தது. இணையத் தடைச் சட்டங்களை எதிர்த்துப் பல தளங்கள் கதவடைப்புச் செய்த நாளும் அதுவே. எனவே காம்காஸ்ட் நிறுவனம் நாசாவைத் தடுக்கிறது என்று வாடிக்கையாளர் பலர் குறை கூறினர். உண்மை தலைகீழாக இருந்தது. மறுத்தவர் காவற்காரர்; பிழை செய்தவர் வீட்டுக்காரர். ஓரிடத்தில் திறக்கிறது என்பதனாலேயே திறக்காத இடத்தில்தான் குற்றம் என்று கொள்வது தவறாகலாம் என்னும் பாடத்தை அந்நாள் கற்பித்தது.

இணைப்பு நிறுவனத்தின் ரிசால்வரை நம்ப மாட்டாதவர்களுக்கு வேறு வாயில்களும் திறந்தன. 2009 டிசம்பரில் கூகிள் நிறுவனம் 8.8.8.8 என்னும் எண்ணில் எவரும் பயன்படுத்தத்தக்க பொது ரிசால்வரை நிறுவிற்று. 2018 ஏப்ரல் முதல் நாளன்று கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 1.1.1.1 என்னும் எண்ணில் மற்றொன்றைத் தொடங்கிற்று. 2014 மார்ச்சில் துருக்கி அரசு ட்விட்டர் தளத்தைத் தடுத்தபோது, அந்நாட்டு மக்கள் 8.8.8.8 என்று சுவர்களில் எழுதி ஒருவருக்கொருவர் வழி காட்டினர். ஓர் எண் சுவரெழுத்தாயிற்று! சில நாள்களில், அவ்வெண்ணுக்குச் செல்லும் வழியையே திருப்பி, அங்குள்ள நிறுவனங்கள் தம் பொறியை அவ்விடத்தில் நிறுத்தின. வழிகாட்டியின் பெயரைச் சொல்லி வேறொருவர் நிற்கவும் கூடும் என்பதை உலகம் அறிந்தது.

அரசுகள் மட்டுமல்ல, கள்வரும் இதைச் செய்ததுண்டு. டி.என்.எஸ். சேஞ்சர் என்னும் தீய நிரல், நூறு நாடுகளில் ஏறத்தாழ 40 லட்சம் கணிப்பொறிகளில் புகுந்து, அவற்றின் ரிசால்வர் எண்ணை மாற்றித் தன் பொறிகளிடம் விசாரிக்க வைத்தது. 2011 நவம்பரில் அமெரிக்கப் புலனாய்வுத் துறை அக்கும்பலைப் பிடித்தது. ஆனால் கள்வரின் ரிசால்வர்களை உடனே நிறுத்தினால் அத்தனை வீடுகளிலும் இணையம் இருண்டுவிடும். ஆகவே நீதிமன்ற அனுமதியோடு அவற்றின் இடத்தில் நேர்மையான பொறிகளை வைத்து, 2012 ஜூலை 9 வரை நடத்தினர். தம் கணிப்பொறி யாரிடம் வழி கேட்கிறது என்பதை அவ்வீட்டார் அதற்குமுன் எண்ணிப் பார்த்ததே இல்லை.

எண்ணிப் பார்க்க வைத்த இரவு ஒன்று நமக்கும் வாய்த்தது. 2021 அக்டோபர் 4 அன்று, இந்திய நேரப்படி இரவு ஒன்பது மணியைச் சற்றுக் கடந்தவுடன் ஃபேஸ்புக்கும் வாட்ஸப்பும் மறைந்தன. ஊரில் உள்ள தாயாரோடு இரவு உணவுக்குப் பின் வாட்ஸப்பில் பேசும் வழக்கமுள்ள வெளிமாநிலத் தமிழர் பலர், தம் கைப்பேசியைக் குறை கூறினர். அதை அணைத்து ஏற்றினர். இணைப்பு நிறுவனத்தைத் திட்டினர். நேர்ந்ததோ வேறு. அந்நிறுவனத்தின் பராமரிப்புப் பணியில் இடப்பட்ட ஒரு கட்டளை, அதன் உள் வலையைத் துண்டித்துவிட்டது. அதனைக் கண்ட பெயர்ச் சர்வர்கள், தமக்கு வரும் வழி அறிவிப்பைத் தாமே விலக்கிக்கொண்டன. பெயருக்கு எண் சொல்ல ஆளில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் அந்நிலை நீடித்தது. அன்று எல்லா நிறுவனங்களின் இணைப்பிலும் ஒரே விதமாக மறுப்பு வந்தது. பல நிறுவனங்களில் ஒரே மறுப்பு எனில் குற்றம் பெரும்பாலும் தளத்தினது. ஒன்றில் மட்டும் மறுப்பு எனில் மேலும் ஆராய வேண்டும். நோயறியும் கலையின் முதல் விதி இது.

இனி அண்டை வீட்டுக்கு மீள்வோம். பொறியியல் படியாத நமக்கும் எட்டக்கூடிய சோதனைகள் சிலவே அன்றிரவு செய்யப்பட்டன.

முதற் கேள்வி: கெட்டது பாதையா, பெயரா? மற்றத் தளங்கள் திறப்பதால் பாதை நன்றாகவே உள்ளது.

இரண்டாவது: இரு ரிசால்வர்கள் ஒரே விடை தருகின்றனவா? விண்டோஸ் கணிப்பொறிகளில் 'என்எஸ்லுக்கப்' என்றும், லினக்ஸ் முதலியவற்றில் 'டிக்' என்றும் கட்டளைகள் உள்ளன. அவற்றால் கம்பி இணைப்பின் ரிசால்வரைக் கேட்டோம். ஓர் எண் வந்தது. கைப்பேசி நிறுவனத்தின் ரிசால்வரைக் கேட்டோம். வேறோர் எண் வந்தது. பெரிய தளங்களுக்கு ஊருக்கு ஓர் எண் இருப்பது வழக்கமாதலால் இது மட்டும் குற்றத்துக்குச் சான்றாகாது.

மூன்றாவது: மூலப் பதிவேடு என்ன சொல்கிறது? இடையிலுள்ளவர்களை விடுத்து, அதனையே நேரே கேட்டோம். கைப்பேசிக்குக் கிடைத்த எண்ணையே அது சொல்லிற்று. அப்பதிவேட்டின் வரிசை எண்ணில் அன்றைய தேதி இருந்தது. அதாவது பதிவேடு அன்றுதான் திருத்தப்பட்டிருக்கிறது. ஒரு தளத்துக்குப் பதிவேட்டுச் சர்வர்கள் இரண்டு மூன்று இருப்பதுண்டு. அவற்றுள் ஒன்று மட்டும் திருத்தத்தைப் பெறாமல் பின்தங்கினால், விடை மாறி மாறி வரும். ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்டோம். இங்கு எல்லாம் ஒத்தே இருந்தன.

நான்காவது: பழைய குறிப்புக்கு ஆயுள் எவ்வளவு மிச்சம்? கம்பி இணைப்பின் ரிசால்வர் தந்த விடையில், ஐம்பதாயிரத்துச் சொச்சம் விநாடி மிச்சம் என்று கண்டிருந்தது. ஏறக்குறைய பதினான்கு மணி நேரம். விடைக்கு இடப்பட்ட ஆயுள் ஒரு முழு நாள். ஆகவே அந்த ரிசால்வர் காலை பதினொரு மணி அளவில் மூலத்தைக் கேட்டிருக்கிறது. அதன் பின்னரே தளத்தார் புதிய பொறிக்குக் குடி மாறியிருக்கின்றனர். பழைய பொறியையும் உடனே அணைத்துவிட்டனர். கைப்பேசி நிறுவனத்தின் ரிசால்வரோ மாலை ஏழு மணிக்குமேல்தான் முதலில் கேட்டது. அதனால் புதிய எண் அதற்குக் கிடைத்தது.

குற்றம் யாருடையது? மூன்று மணி நேரமாக அவ்வீட்டார் வைத வசவெல்லாம் இணைப்பு நிறுவனத்தின் மீது. அதுவோ விதிப்படியே நடந்திருக்கிறது. ஒரு நாள் வைத்திரு என்று சொன்னவர் தளத்தார்; அதன்படி வைத்திருந்தது ரிசால்வர். வீடு மாறுபவர் செய்ய வேண்டிய இரு கடமைகளைத் தளத்தார் மறந்தனர். மாறுவதற்கு ஒரு நாள் முன்பே விடையின் ஆயுளை ஐந்து நிமிடமாகக் குறைத்திருக்க வேண்டும். பழைய வீட்டில் ஒரு நாளேனும் விளக்கெரிய விட்டிருக்க வேண்டும். அதிலும் விண்ணப்பத்தின் கடைசி நாளன்று குடி மாறியே இருக்கக் கூடாது.

நோய் தெரிந்தபின் மருந்து எளிது. கணிப்பொறியைத் தந்தையின் கைப்பேசி வழியாக இணைத்தோம். கணிப்பொறியின் சொந்தக் குறிப்பேட்டையும் துடைத்தோம். தளம் திறந்தது, பத்து மணிக்கு முன்னரே விண்ணப்பம் சென்று சேர்ந்தது. கம்பி இணைப்பிலேயே ரிசால்வர் எண்ணை மட்டும் பொது ரிசால்வர் ஒன்றுக்கு மாற்றிப் பார்ப்பதும் ஒரு வழி. அதனிடம் புதிய குறிப்பு இருந்தால் அதுவும் பலன் தரும். ஆனால் ஒரு சொல். எவரிடம் வழி கேட்கிறோமோ அவருக்கு நாம் போகுமிடமெல்லாம் தெரியும். ரிசால்வரை மாற்றுவது, அந்த அறிவை ஒருவர் கையில் இருந்து வேறொருவர் கைக்கு மாற்றுவதே. இவ்விசாரணைகளை மறைபொருளாக்கி அனுப்பும் முறைகள் 2016, 2018 ஆகிய ஆண்டுகளில் வகுக்கப்பட்டன. அவற்றை உலாவிகள் சில தாமே கையாளுகின்றன. அதனால் ஒரே கணிப்பொறியில் ஓர் உலாவிக்குத் திறக்கும் தளம் மற்றொன்றுக்குத் திறவாமல் போவதும் உண்டு.

இப்பெயர் முறையில் நம் மொழிக்கும் ஓர் இடம் உண்டு என்பதைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. நெடுங்காலம் இணையப் பெயர்கள் ரோமன் எழுத்தில் மட்டுமே அமைந்தன. பிற எழுத்துகளில் அமைந்த பெயரை, 'எக்ஸ்', 'என்' என்னும் இரு எழுத்துகளும் இரு சிறு கோடுகளும் முன்னே வரும் ரோமன் குறியீடாகப் பெயர்த்துக்கொள்ளும் முறை 2003-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. 2007 அக்டோபரில் உலகின் எழுத்து வகைகளைச் சோதிக்க வேரில் பதினொரு பெயர்களைச் சேர்த்தபோது, தமிழும் அவற்றுள் ஒன்றாயிற்று. 'உதாரணம்.பரிட்சை' என்பது அத்தளத்தின் பெயர். தேர்வு முடிந்து தமிழ் தேறிற்று. 2010-ஆம் ஆண்டில் 'இலங்கை' என்பதற்கும், 2011-ஆம் ஆண்டில் 'இந்தியா', 'சிங்கப்பூர்' என்பவற்றுக்கும் தமிழ் எழுத்திலேயே நாட்டுப் பிரிவாக ஒப்புதல் கிடைத்தது. பெயர் எந்த எழுத்தில் இருப்பினும், அதை எண்ணாக்கும் வழியும் அவ்வழியில் நேரும் பிழைகளும் ஒன்றே.

அன்றிரவு அப்பெண் படுக்கச் செல்லுமுன் ஒரு கேள்வி கேட்டாள்: "அதே கம்பி இணைப்பு மட்டும் இருந்து, வேறு இணைப்பும் இல்லாமல், மதுரையில் இருந்து அழைக்கத் தோழியும் இல்லாதவர்கள் என்ன செய்திருப்பார்கள்?" நம்மிடம் விடை இல்லை. அவர்கள் "தளம் படுத்துவிட்டது" என்று நம்பித் தூங்கியிருப்பார்கள். மறுநாள் பதினொரு மணிக்குப் பழைய குறிப்பு உதிர்ந்து தளம் திறந்திருக்கும். கெடு முடிந்தது என்ற அறிவிப்பு அவர்களை வரவேற்றிருக்கும். தவறு எங்கே நேர்ந்தது என்பது அவர்களுக்கு ஒருநாளும் தெரிந்திராது.

ஆகவே, தளம் ஒன்று திறக்காதபோது, அது எல்லோருக்கும் திறக்கவில்லை என்று கொள்ள வேண்டா. வேறொருவரைக் கேளுங்கள், வேறோர் இணைப்பில் பாருங்கள், இயன்றால் மூலத்தையே கேளுங்கள். அயலூரில் வீடு தேடிய நாளில் நாம் செய்ததும் இதுவே.